கைப்பிரதி

“‘நிறவெறி’ங்கிற வார்த்தை வேணாம்,” என்று சொல்லிக்கொண்டே வேதசிரோமணி அந்த வரியின் மேல் பேனாவை இரண்டு தடவை இழுத்தார். “துக்க வீட்ல இதெல்லாம் வாசிக்கப்படாது. ‘எதிர்பாராத சம்பவத்தில்’னு போட்டா போதும்.”

கெசியா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். அவர் அவளுடைய அண்ணன், சபையில் செயலாளர். அவள் கணவர் இறந்து இந்த ஆறு வருஷமாக, ராஜகீழ்ப்பாக்கத்து அந்த வீட்டில் நல்லதோ கெட்டதோ, எழுதவேண்டிய காகிதமெல்லாம் அவர் கையால்தான். இப்போது எழுதிக்கொண்டிருந்தது அவள் மகன் ஜீவானந்தத்தின் வாழ்க்கைக் குறிப்பு, அடக்க ஆராதனையில் வாசிக்க. பிறந்தது, ஞானஸ்நானம் எடுத்தது, படித்தது, அமெரிக்கா போனது என்று முக்கால் பக்கத்துக்குள் இருபத்தொன்பது வயசும் அடங்கிவிட்டது. செத்ததை எழுதுவதில்தான் தகராறு.

“சம்பவம்னா என்ன மாமா? மழையா, புயலா?” என்றாள் பிளஸ்ஸி. ஜீவாவின் தங்கை. பதிமூன்று நாள் அழுததில் கண்ணிமை வீங்கியிருந்தாலும் குரல் தடுமாறவில்லை. “காய்கறிப் பையோட காருக்குப் போனவனைக் கடை வாசல்லயே நிக்க வெச்சு சுட்டிருக்கான். ‘இந்த நிறத்து ஆளுங்க எங்க நாட்ல இருக்கக் கூடாது’ன்னு எழுதி வெச்சிட்டு வந்து சுட்டிருக்கான்.”

“இருபது வயசுப் பய. மென்டல். போலீஸே இன்னும் ஒண்ணும் சொல்லலை.”

“அந்த மென்டல் கண்ணுக்குக் கடையில இருந்த வெள்ளைக்காரங்க யாருமே தெரியலையா?”

“ஏம்மா, அவ்ளோ பெரிய நாடு. அதுல இந்த மாதிரி கிறுக்கனுங்க எத்தனை பேர் இருந்துடுவானுங்க? ஆயிரம் பேர் இருப்பானுங்களா? தாம்பரம் பைபாஸ்ல லாரி அடிச்சு சாகிறவன் அதைவிட ஜாஸ்தி.”

“ஆயிரம் பேரெல்லாம் வேணாம் மாமா. அண்ணனுக்கு ஒருத்தனே போதுமா இருந்துச்சு.”

வேதசிரோமணி பேனாவை மூடினார். “இங்க பாரு. ரேஷ்மாவுக்கு ஆகஸ்ட்ல அமெரிக்கா ஃப்ளைட். விசா வந்தாச்சு. இதை மைக்ல வாசிச்சா உங்க அத்தை அவளை ஏர்போர்ட் பக்கமே விடமாட்டா. ஒரு பைத்தியக்காரன் பண்ணதுக்கு என் பொண்ணு படிப்பும் நிக்கணுமா?”

“அப்போ உங்களுக்கே பயமாத்தான் இருக்கு.”

அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். விடியற்காலை ஏர்போர்ட்டிலிருந்து வந்தது. அந்த ஊரில் பிணத்துக்கு ஒப்பனை செய்து அனுப்புவார்களாம். எந்த முகங்களுக்குப் பூசிப் பழகிய கையோ, ஜீவாவின் முகத்தில் ரோஸ் பவுடரை அப்பி அனுப்பியிருந்தது.

கணவர் வழிச் சொந்தம் ஞானம்மாள் எட்டிப் பார்த்தாள். “ஐயோ, நம்ம ஜீவாவா இது? எப்படிக் கலராயிட்டான் பாரேன்! சின்னதுல கரிக்கட்டையாட்டம் இருப்பான்.”

“பொணத்துலயுமா கலர் பாப்பே, அக்கா?” என்றாள் பக்கத்தில் ஒருத்தி.

“இருக்கறதைத்தானே சொன்னேன். இந்தக் கலர் உசுரோட இருக்கச்சே இருந்திருந்தா அந்தப் பாவி சுட்டிருக்கவே மாட்டான்.”

கேட்டவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று கெசியாவுக்குத் தெரியவில்லை. அவளும்தான் அவனைக் கடலைமாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியவள்.

சனிக்கிழமைதோறும் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று சுவிசேஷக் கைப்பிரதி, அதாவது வேத வசனம் அச்சடித்த துண்டுக் காகிதம், கொடுப்பது கெசியாவின் வழக்கம். வாங்கிய கையோடு கீழே போட்டுவிட்டுப் போவார்கள். அவள் குனிந்து பொறுக்கி, தூசி தட்டி, அடுத்தவருக்கு நீட்டுவாள்.

ஜனவரியில் ஜீவா ஒரு போட்டோ அனுப்பினான். கார் கண்ணாடியில் யாரோ செருகிவிட்டுப் போன காகிதம். கெசியாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. மேலே வட்டத்துக்குள் ஒரு சிலுவை இருந்தது. அவளுக்கு அது போதும். பெண்கள் ஜெப வாட்ஸ்அப் குழுவுக்கு உடனே அனுப்பிவிட்டாள்: ‘என் மகன் இருக்கும் ஊரிலும் ஊழியம் நடக்கிறது. ஸ்தோத்திரம்.’ பதினெட்டுப் பேர் கைகூப்பினார்கள்.

மறுநாள் அவன் போன் பண்ணினான். “அம்மா, அது ஊழியம் இல்லம்மா. எங்களை மாதிரி ஆளுங்களை ஊரைவிட்டுப் போகச் சொல்றாங்க.”

“சிலுவை போட்டிருக்கேடா?”

“சிலுவை போட்டுத்தான் சொல்றாங்க.”

“நானும்தான் வாரா வாரம் கைப்பிரதி குடுக்கறேன். வாங்கினவன் யாராவது செத்தா போயிட்டான்?”

மார்ச்சில் இரண்டாவது வந்தது. ஏப்ரலில் மூன்றாவது, இந்தத் தடவை வீட்டுக் கதவிலேயே. “அம்மா, வந்துரட்டுமா?” என்று கேட்டான். அத்தனை பெரிய ஆண்பிள்ளை, நர்சரி ஸ்கூல் வாசலில் கேட்ட மாதிரியே கேட்டான்.

“காகிதத்துக்குப் பயந்து ஓடி வருவாங்களாடா? நாலு பேர் சிரிப்பாங்க. அது எந்த சர்ச்சுன்னு விசாரிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை போய் நில்லு. உன்னைப் பாத்தா அவங்களே புரிஞ்சிப்பாங்க.”

அவன், “சாப்பிட்டியாம்மா?” என்றான்.

“கெசியா, நீயே சொல்லு,” என்று வேதசிரோமணி கூப்பிட்டார். “உன் புள்ள. நீ சொல்றதைத்தான் பாஸ்டர் வாசிப்பாரு.”

பிளஸ்ஸி அம்மாவின் பக்கம் திரும்பினாள். “அண்ணன் பயந்துட்டே இருந்தான்னு சொல்லும்மா. ஒருத்தன் இல்ல, ஒரு கூட்டமே இருக்குன்னு சொன்னானா இல்லையா? உனக்கும்தானே எல்லாத்தையும் அனுப்பினான்.”

கூடத்தில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கவில்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கெசியாவுக்கு ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அது கூட்டம் என்றால், அவளுக்கு மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. ஒற்றைப் பைத்தியம் என்றால், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்க வழியே இல்லை.

“எனக்கு ஒண்ணும் அனுப்பலையே,” என்றாள்.

பிளஸ்ஸி வாயைத் திறந்தாள். கையில் போன் இருந்தது. அதில் ஜீவா அவளுக்கு எழுதியது இருக்கும்: அம்மா என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள், எல்லாம். அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“அண்ணா, நீங்க எழுதினதே இருக்கட்டும்,” என்றாள் கெசியா.

“பெத்தவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப்போவுது?” என்று பிளஸ்ஸியைக் கேட்டுவிட்டு வேதசிரோமணி மறுபடி பேனாவைத் திறந்தார்.

‘எதிர்பாராத சம்பவத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று பாஸ்டர் வாசித்தபோது யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மூன்று மணி வெயில். கயிறு கட்டி இறக்கிய பெட்டி, குழியின் இரண்டு விளிம்பிலும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

“இன்னா சார் இது, கப்பலாட்டம் பொட்டி எடுத்தாந்துகீறீங்க?” என்றார் குழி வெட்டியவர். “சைஸ் சொல்ல வாணாம்? நான் நம்மூரு அளவுக்கு வெட்டி வச்சிகீறேன்.”

“எவ்ளோ நேரம் ஆவும்?” என்றார் வேதசிரோமணி.

“அரை மணி வுடு சார். ரெண்டு சைடும் செதுக்கணும்.”

பெட்டியைத் திரும்பத் தூக்கிப் பக்கத்துக் கல்லறைமேல் வைத்தார்கள். பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் மரநிழலுக்குக் கலைந்தது. யாரோ ரேஷ்மாவைப் பற்றிக் கேட்டார்கள்.

“ஆகஸ்ட் பதினாலு. அவ போற ஊரு நல்ல ஊராம், நம்மாளுங்க நிறைய பேர் இருக்காங்களாம்,” என்று வேதசிரோமணி சொல்வது கெசியாவுக்குக் கேட்டது. பிறகு அவர் குரல் இறங்கியது. “இருந்தாலும் தனியா கடை கண்ணிக்குப் போகாதேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

பிளஸ்ஸி மட்டும் குழியோரம் குடை பிடித்து நின்றிருந்தாள். கெசியா நடந்துபோய் அந்த நிழலுக்குள் ஒண்டிக்கொண்டாள். தோளும் தோளும் உரசின. பிளஸ்ஸி குடையின் பிடியை அம்மாவின் கையில் வைத்தாள். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கியும் விட்டாள். பிறகு குழியைச் சுற்றிக்கொண்டு நடந்து, எதிர்ப்பக்கம் போய் வெயிலில் நின்றாள்.

கீழே கடப்பாரை மண்ணைச் செதுக்கிக்கொண்டிருந்தது.