தப்புச் சொல்கிற பிள்ளை

"மிஸ், ஆணி அங்க இல்ல, இங்க இருக்கு. போன மிஸ்ஸும் இங்கதான் மாட்டுவாங்க."

இரண்டு நாள் கண்விழித்து வரைந்த அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவிக்கொண்டிருந்தவளுக்கு, பயிற்சிக்கு வந்த முதல் நாளே மூக்கு உடைந்தது. அட்டையில் பத்துப் பத்தாகக் கட்டிய பென்சில்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிறம். பிள்ளைகள் பார்த்து வாயைப் பிளக்கும் என்று நினைத்திருந்தாள். மூன்றாம் வகுப்போ, பழைய காலண்டரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாட்டி முடித்துத் திரும்பியதும் முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "இப்ப பாட்டு பாடணும் மிஸ்" என்று எடுத்துக்கொடுத்தது. அவள் உண்மையிலேயே பாட்டோடுதான் வந்திருந்தாள். பாடாமல் விடவும் முடியவில்லை, பாடவும் வாய் வரவில்லை. பாதிப் பாட்டில் பிள்ளைகளே மீதியைப் பாடி முடித்துவைத்தார்கள்.

பயிற்சிக் கல்லூரி அந்தப் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அதனால் ஒருத்தி போனால் ஒருத்தி என்று பயிற்சி ஆசிரியைகள் வந்தவண்ணம் இருந்தார்கள். வருகிறவர்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் கடன் வாங்கிக் கழித்தலையே எடுப்பார்கள். அட்டை செய்வது சுலபம், கேள்வி கேட்பது சுலபம். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. வகுப்பு ஆசிரியை அவர்களுக்குப் பெரிய மிஸ். வருகிறவர்கள் எல்லாரும் புது மிஸ். இவளும் புது மிஸ் ஆனாள். மதிப்பெண் போட வரும் கல்லூரி மேற்பார்வையாளருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மார்க் சார்.

பெரிய மிஸ் கெட்டவள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இருபது வருஷம் சாக்பீஸ் தூளைச் சுவாசித்தவள், அவ்வளவுதான். மார்க் சார் வருவதற்கு முந்தின நாள் புது மிஸ்ஸைத் தகர அலமாரிப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எல்லாரும் சரியாச் சொன்னா அவர் மார்க் போட மாட்டாரும்மா. ஒண்ணு தப்பாச் சொல்லணும், நீ திருத்தணும், அப்புறம் அது சரியாச் சொல்லணும். அப்பதான் நீ சொல்லிக்குடுத்ததா அர்த்தம். அதுக்குத்தான் அந்தக் கொட்டாவிப் பொண்ணு இருக்கா. அவளைக் கேளு, கண்டிப்பாத் தப்பாத்தான் சொல்லுவா."

"அப்புறம் எப்படி டீச்சர் சரியாச் சொல்லுவா?"

"பக்கத்துல இருக்கறவ காதுல சொல்லுவா. இவ திருப்பிச் சொல்லுவா. எல்லாம் அதுங்களுக்குப் பழக்கம்தான். நீ ஒண்ணும் பயப்படாதே."

புது மிஸ்ஸுக்கு உடம்பு கூசியது. இந்தப் பித்தலாட்டத்துக்கு நான் ஆள் இல்லை என்று மனதுக்குள் மார்தட்டிக்கொண்டு, மறுநாள் நேர்மையாகவே பாடம் எடுத்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பிள்ளைகள் பட்பட்டென்று சரியான விடையைச் சொன்னார்கள். கொட்டாவியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மார்க் சார் பேனாவை மூடிவிட்டார். "இதுங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு. நீங்க என்ன சொல்லிக்குடுத்தீங்க?" அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "விளக்கம் வேண்டாம்மா. வகுப்பைக் காட்டுங்க. மாசக் கடைசியில மறுபடி வரேன், இதே பாடம். அப்பவும் இப்படின்னா வருஷத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்."

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு அவள் அட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கொட்டாவி வந்து பக்கத்தில் நின்றாள். பயம் வந்தால் இந்தப் பெண்ணுக்குக் கொட்டாவி வரும். எழுப்பிக் கேள்வி கேட்டால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதில் ஒட்டிக்கொண்ட பெயர்.

"என்னை ஏன் மிஸ் கேக்கல?" என்றாள். குரலில் நிஜமான வருத்தம். "நான்தான் மிஸ் தப்பு. ரெண்டாங்கிளாஸ்லேருந்தே நான்தான். போன மிஸ் எனக்கு ஸ்டிக்கர் எல்லாம் குடுத்தாங்க."

புது மிஸ்ஸுக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. ஒரு குழந்தை, தன் முட்டாள்தனத்தை வேலையாகவே எடுத்துக்கொண்டு, அதை ஒழுங்காகப் பார்த்ததற்குப் பரிசும் வாங்கியிருக்கிறது. போன வருஷத்திலிருந்தே எல்லாரும் அதை எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள், உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருத்தருக்காவது அதற்குக் கழித்தல் தெரிய வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த நிமிஷம் அவள் முடிவு செய்துவிட்டாள். மதிப்பெண் வருகிறதோ இல்லையோ, இவளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்காமல் இந்தப் பள்ளியைவிட்டுப் போவதில்லை. இது ஒன்றையாவது செய்ய முடிந்தால் தான் ஆசிரியை. இல்லையென்றால் அட்டை மாட்டுகிறவள்.

சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புது மிஸ் வீட்டிலிருந்து தீக்குச்சிகளை மருந்து நீக்கிப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். பெண்ணின் தப்பு எப்போதும் ஒரே தப்பு. ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் முப்பத்தைந்து என்பாள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவாள். எது மேலே, எது கீழே என்ற பேச்சே கிடையாது, பெரிதிலிருந்து சிறிது போகும், அவ்வளவுதான். கடன் வாங்கு என்றால் முகத்தைப் பார்ப்பாள். புது மிஸ் அந்த வார்த்தையையே தலைமுழுகினாள். "ரெண்டு குச்சி வச்சிருக்கே. ஏழு குச்சி எப்படித் தருவே? கட்டை அவிழ்." பெண்ணுக்கு அவிழ்ப்பது பிடித்துப்போயிற்று. அவிழ்ப்பாள், எண்ணுவாள், மறப்பாள், மறுபடி கட்டுவாள். முதல் வாரம் ஒரு அங்குலம் நகரவில்லை. புது மிஸ் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தது கூட உண்டு.

வீட்டில் அக்காவுக்கு இதெல்லாம் மனப்பாடம். அக்கா மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து காலைத் தேய்த்துக்கொண்டே கதை கேட்பாள். "எனக்கே கழித்தல் நல்லா வந்துடுச்சுடி, அவளுக்கு எப்படி வராம போகும்?" என்று சிரிப்பாள்.

வந்தது. ஒரு மழை நாள், வகுப்பில் பாதிப் பேர் இல்லை. பெண் கட்டை அவிழ்த்தாள், எண்ணினாள், பிறகு குச்சிகளை அப்படியே விட்டுவிட்டுச் சிலேட்டில் எழுதினாள். இருபத்தைந்து. எழுதிவிட்டுத் தானே அதைத் திரும்பப் பார்த்தாள், யாரோ எழுதியதைப் பார்ப்பது போல. "மிஸ், இது நிஜமாவே இருபத்தஞ்சுதான் மிஸ்" என்றாள். புது மிஸ் இன்னொன்று போடச் சொன்னாள். அதுவும் சரி. இன்னொன்று. அதுவும் சரி. புது மிஸ் அவளைக் கட்டிக்கொண்டாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை என்று சொன்னால் அது மிகையே இல்லை.

"இனிமே உன்னை யாரும் தப்புச் சொல்ல வைக்க மாட்டாங்க" என்றாள். "நான் இருக்கேன்ல?"

மார்க் சார் மாதக் கடைசியில் வந்தார். பின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பெரிய மிஸ் வாசலில் நின்றாள். புது மிஸ் பலகையில் ஐம்பத்திரண்டு, கீழே இருபத்தேழு எழுதி, கொட்டாவியைப் பார்த்தாள். அவள் எழுந்தாள். அன்று அவளுக்குக் கொட்டாவி வரவில்லை.

"இருபத்தி அஞ்சு மிஸ்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவள் காதில் சொல்லத் தயாராக வைத்திருந்த வாயை மூடிக்கொண்டாள். இதுதான் அந்த நிமிஷம், இதற்காகத்தான் ஒரு மாதம் குச்சி பொறுக்கியது. ஆனால் மார்க் சாரின் பேனா அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "இதுவும் தெரிஞ்சதுதானா? தெரியாத பிள்ளை ஒண்ணுகூட இல்லையாம்மா இந்த வகுப்புல?"

சார், போன தடவை நீங்கள் வந்தபோது இவளுக்கு இது தெரியாது. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வரி. விளக்கம் வேண்டாம்மா என்று அவர் அன்றைக்குச் சொன்னது காதில் நின்றதோ, வருஷத்தைத் திரும்ப எடுக்கும் நினைப்பு முன்னால் வந்து நின்றதோ, அவள் பலகைப் பக்கம் திரும்பிவிட்டாள். கை தானாகப் பலகையில் அறுபத்தொன்று, கீழே முப்பத்தெட்டு என்று எழுதியது. வாய் தானாகக் கொட்டாவியை மறுபடி எழுப்பியது.

பெண் பலகையைப் பார்த்தாள். விரல்கள் பாவாடைப் பக்கத்தில் இல்லாத கட்டை அவிழ்த்தன. உதடு எண்ணியது. அவளுக்கு விடை வந்துவிட்டது என்பது புது மிஸ்ஸுக்குத் தெரிந்தது, அந்தப் பிரகாசம் அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. சொல்வதற்கு முன் பெண் நிமிர்ந்து மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன இருந்ததோ! கெஞ்சல்தான் இருந்திருக்க வேண்டும். புது மிஸ் தலையை மிக லேசாக, பின் பெஞ்சுக்குத் தெரியாதபடி, இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் புது மிஸ்களின் முகம் அத்துப்படி. பெண் விழுங்கினாள்.

"முப்பத்தி ஏழு."

சிரிப்பு எழுந்தது. பிறகு எல்லாம் தண்டவாளத்தில் போவது போலப் போயிற்று. புது மிஸ் பொறுமையாகக் கேட்டாள், குச்சிகளை எடுத்தாள், கட்டை அவிழ்க்கச் சொன்னாள். பெண் அவிழ்த்தாள், எண்ணினாள், இருபத்து மூன்று என்றாள். மார்க் சார் நிறைய எழுதினார். போகும்போது எல்லார் முன்னாலும் சொன்னார், "தப்புச் சொல்ற பிள்ளைகிட்ட எப்படி நடந்துக்கணும்னு இவங்களைப் பார்த்துக் கத்துக்கலாம்." பெரிய மிஸ் வாசலிலிருந்தே கண்ணால் சிரித்தாள். நம் கட்சிக்கு வந்துவிட்டாய் என்று சொல்கிற சிரிப்பு.

மணி அடித்ததும் கொட்டாவி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"கரெக்டாத் தப்பாச் சொன்னேன்ல மிஸ்?"

"ம்" என்றாள் புது மிஸ்.

வீட்டில் அக்கா காத்திருந்தாள். தேறியாகிவிட்டது என்றதும் தங்கையின் கன்னத்தைக் கிள்ளினாள். "உன் கொட்டாவிப் பொண்ணு சொன்னாளா?"

"நல்லாச் சொன்னா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிட எழுப்பியபோதும் எழுந்திருக்கவில்லை. திருடினால் திருப்பிக் கொடுக்கலாம். அடித்தால் தடவிக் கொடுக்கலாம். இதை என்ன செய்வது என்று அவளுக்கு விளங்கவில்லை.

பயிற்சியில் இன்னும் சில நாட்கள் பாக்கி இருந்தன. அடுத்த இடைவேளையிலேயே பெண்ணைக் கடைசி பெஞ்சுக்குக் கூப்பிட்டாள். எழுபத்து நான்கு, கீழே நாற்பத்தாறு. குச்சிக் கட்டுகளை முன்னால் வைத்தாள். பெண் குச்சிகளைத் தொடவில்லை, சிலேட்டையும் பார்க்கவில்லை.

"மிஸ், இப்ப சரியாச் சொல்லணுமா, தப்பாச் சொல்லணுமா?"

"சரியாத்தாம்மா சொல்லணும். இனிமே எப்பவுமே சரியாத்தான் சொல்லணும். அன்னிக்கு மிஸ் பண்ணதுதான் தப்பு. உன் மேல தப்பே இல்ல."

பெண் தலையாட்டினாள். பெரியவர்கள் எது சொன்னாலும் ஆட்டுகிற ஆட்டல். பிறகு, "இருபத்தி எட்டு" என்றாள், மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. புது மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் அதைப் பார்த்த உடனே, "இல்ல மிஸ், முப்பத்தி ரெண்டு" என்றாள். புருவம் சுருங்கியது. "இல்ல, இருபத்தி எட்டு." காத்திருந்தாள். "எது மிஸ் வேணும்?"

"என் மூஞ்சியைப் பார்க்காதேம்மா. கணக்கைப் பாரு. கணக்குலதான் இருக்கு."

பெண் சிலேட்டைப் பார்த்தாள். ஒரு கணம்தான். கண் மறுபடி மேலே வந்துவிட்டது. புருவத்தில் தேடியது, உதட்டில் தேடியது. விடை அங்கேதான் எங்கேயோ எழுதியிருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இந்தக் குழந்தைக்கு என்னைத் தவிர யாரும் இவ்வளவு பெரிய கெடுதல் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள் புது மிஸ்.

எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். முதுகுதான் தெரியும், இனி பார்க்க ஒன்றும் இல்லை. "இப்ப சொல்லு. அவசரமே இல்ல. குச்சியை எண்ணிட்டுச் சொல்லு."

வெளியே பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ரப்பர் பேண்ட் அவிழும் சத்தத்துக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பெஞ்ச் நகர்ந்தது. சின்னக் கால்கள் நடந்து வந்தன. பெண் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து, சுவருக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் புகுந்து நின்று, அண்ணாந்து முகத்தைப் பார்த்தாள்.