இடம் பத்தாத டேப்

"செத்துக் கெடக்கறதத்தான் தெனம் பாக்கணுமா அத்தை? அவரு பேசினத எல்லாம் அழிச்சிட்டு?"

"பேசிட்டான் பெருசா! ஊரே கூடி அனுப்பி வச்சத அழிக்கச் சொல்றியே, நீயெல்லாம் பொம்பளையாடி?"

குரல் இந்த அளவுக்கு ஏறிய பிறகு எதிர்வீட்டில் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை. அரிசி களைந்த கையோடு போய்விட்டேன்.

நடுக்கூடத்தில் கலியம்மாள் நின்றிருந்தாள். மருமகள் மஞ்சுளா, வீடியோ பார்க்கும் பழைய டேபை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மஞ்சுளாவின் தம்பி அருள்மொழி தரையில் உட்கார்ந்து, அன்று காலை வாங்கி வந்த புது டேபைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அதில் தூசி ஒன்றுமில்லை. தப்பு அவனுடையது. பழையதன் திரை பாதி கறுத்துப்போனதால், அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்க மதகடிப்பட்டுக் கடைக்குப் போனவன், திரை பெரிதா என்று பார்த்தானே தவிர, உள்ளே எவ்வளவு இடம் என்று பார்க்கவில்லை. பழையதில் பாதிதான். மெமரி கார்டு செருகவும் ஓட்டை இல்லை. சாயந்திரத்துக்குள் பழையதைக் கடையில் ஒப்படைக்க வேண்டும்.

மஞ்சுளாவின் புருஷன் பாக்யராஜ், கரும்பு டிராக்டரில் பைக்கை மோதிப் போய்ச் சேர்ந்து எட்டு மாதம். அவன் சாவை வீடியோக்காரர் மாலை விழுந்ததிலிருந்து சுடுகாடு வரை ஐந்து மணி நேரம் எடுத்திருந்தார். எங்கள் தெருவில் கல்யாண வீடியோவைவிடச் சாவு வீடியோவைத்தான் அதிகம் போட்டுப் பார்ப்போம். யார் அழுதது, யார் அழுவதுபோல் நின்றது எல்லாம் அதில்தானே தெரியும். இன்னொரு பக்கம், அவன் இருந்தபோது மஞ்சுளா எடுத்த துண்டுத் துண்டு வீடியோக்கள் நானூறுக்கு மேல். மாட்டைத் திட்டுவான். மகள் புவனேஸ்வரிக்கு சைக்கிள் பிடிப்பான். சாம்பாரில் உப்பில்லை என்பான். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

"எந்த சம்பந்தி வூட்டுல கோடி போட்டாங்க, எவன் வெறுங்கையோட வந்தான், அதுலதான்டி இருக்குது. நாளைக்கு அவங்க வூட்டுல ஒண்ணு நடந்தா நான் திருப்பிப் போட வேணாவா? விஜயராணி, நீ சொல்லுடி."

பிணத்தின் மேல் போர்த்தும் கோடித் துணிக்குத் துணி திருப்பாவிட்டால் சாகும்வரை பேச்சுதான். அப்படிப் பேசுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே, "அத்தை சொல்றதுதாம்மா மொறை" என்றேன்.

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். "உங்கள யாருக்கா கூப்புட்டது?" என்று கேட்டிருக்கலாம். டேபைத் தம்பியின் மடியில் போட்டுவிட்டு, "எது வேணுமோ ஏத்திக்கடா" என்று கொல்லைக்குப் போய்விட்டாள். சாவு வீடியோதான் ஏறியது; மற்றதெல்லாம் பழைய டேபோடு கடைக்குப் போயிற்று.

எங்கள் வீட்டு அலமாரியில் என் மகனுடைய பென்டிரைவ் ஒன்று சும்மாதான் கிடந்தது. அது எனக்கு மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னேன்.

சித்திரையில் ஒரு மத்தியானம் கலியம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"உன் போன்ல எம்புள்ள இருக்கறானா பாரு."

"போட்டோவா அத்தை?"

"பேசறது. அந்த வீடியோவுல பூரா மோளம்டி. அவன் வாயக் கட்டி வச்சினு இருக்கறாங்க." கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த இருந்தாலும் போதும்."

போன் முழுக்கத் தேடினேன். என் நாத்தனார் மகள் சடங்கில் பந்தியின் ஓரத்தில் அவன் நின்றிருந்தான். வாய் அசைந்தது. மைக் செட்டுப் பாட்டில் ஒன்றும் கேட்கவில்லை. நாலு தடவை போடச் சொன்னாள். பிறகு, "மஞ்சுளா கிட்ட சொல்லாத" என்று போய்விட்டாள். நான் எதையும் சொல்லாமல் வைப்பேன் என்று அவள் நம்பியது அந்த ஒரு தடவைதான். இதுவரை சொல்லவில்லை.

ஆவணியில் மஞ்சுளாவுக்குப் பாகூர் பக்கம் இரண்டாம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர், பெண்டாட்டியை இழந்தவர். தெரு இரண்டு வாரம் பேசிற்று. புவனேஸ்வரியும் அம்மாவோடு போய்விட்டாள். அருள்மொழி ஓசூர் கம்பெனிக்குப் போனான். கலியம்மாள் மட்டும் வீட்டில்.

தினமும் ஆறு மணிக்கு அவள் பேத்தியைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு முறத்தில் வைப்பாள். எனக்கு எதிர்வீட்டிலிருந்தே கேட்கும்.

"இன்னா ஆயா பேசறது? எனக்கு வீட்டுப்பாடம் கீது."

"படி. போன வச்சிடாம படி."

பிள்ளை பெருக்கல் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லத் தொடங்கும். கலியம்மாள் முறத்தின் பக்கம் காதைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வாள்.