ஐந்து கோட்டுப் பெயர்

சித்திரை வருடப்பிறப்புக்கு நாலு நாள் முன்னர் யப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனான். எரிந்த கப்பல் ஒன்றிலிருந்து உயிரோடு கரைசேர்ந்த ஒரே சீனன் தியென். இரண்டு கையும் முழங்கை வரை வெந்து, கட்டுப் போட்டபடி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுக்குச் சோறு ஊட்டும் வேலை அங்கே வேலைக்கு நின்ற தோப்பூர்க்காரி வள்ளிநாயகிக்கு வந்தது. பினாங்கில் தமிழரோடு மூட்டை தூக்கியவன் என்பதால் அரைகுறைத் தமிழ் பேசுவான்.

அவனுக்கு இருந்தது ஒரே கவலை. கல்கத்தாவில் மனைவியும் மகளும் இருந்தார்கள். கப்பலில் எல்லாரும் செத்தார்கள் என்று கொம்பனி அறிவித்திருக்கும். அதை நம்பிவிட்டால் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு தன் மாமனோடு எங்கேயாவது போய்விடுவாள், பிறகு எந்த விலாசத்தில் போய்த் தேடுவது? இங்கிலீசுக் கடிதத்தை அவளுக்கு வாசிக்கவும் தெரியாது, நம்பவும் மாட்டாள்.

"நீ எழுது, நாயகி. என் பேர். பக்கத்தில் 'உயிரோடு'. ரெண்டு எழுத்து போதும்."

"தமிழே எனக்கு ஒழுங்கா எழுத ஏலாது. இதில சீனமோ?" என்று சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்தபின் மறுக்க மனம் வரவில்லை.

அவன் சொன்னபடி பார்த்தால் பெயரெழுத்து அச்சொட்டாக ஒரு வயல். சுற்றிவர வரம்பு, நடுவில் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. இதற்கா இந்தப் பாடு என்று வள்ளிநாயகி பென்சிலை எடுத்துச் சுற்று வரம்பை முழுக்க அடைத்துவிட்டு, உள்ளே கோடு இழுத்தாள்.

"பிழை," என்றான் தியென்.

"சுற்று வரம்பு கட்டாமல் உள்வரம்பு கட்டுற ஆள் எங்கட ஊரில இல்லை."

"எங்கள் ஊரில் ஆள் முதல் உள்ளே போகணும். பிறகுதான் கதவு சாத்தணும்."

இடப்பக்கம் ஒரு கோடு. மேலும் வலமும் ஒரே இழுப்பு. உள்ளே குறுக்கே, பிறகு நெடுக்கே. அடிக்கோடு கடைசியில். கைக்குப் பதில் நாடியை அசைத்து அசைத்துக் காட்டினான். ஒழுங்கு தப்பினால் யாரோ படம் கீறியிருக்கிறார்கள் என்று மனைவி நினைப்பாளாம். சரியான பிடிவாதக்காரன், போங்கள்!

பத்து நாள் வள்ளிநாயகி தரையில் நடந்தாளா என்பதே சந்தேகம். கஞ்சியில் கரண்டியால் வயல் கீறினாள். குசினி மேசையில் ஈரவிரலால் கீறினாள். "உனக்குச் சீனப்பேய் பிடிச்சிட்டுது, பிள்ளை," என்று வார்ட்டைக் கூட்டுகிற நஜ்முன் நிஸா கேலி செய்தாள். மத்தியானத்தில் கண் அயர்ந்தால் துறைமுகத் தண்ணீரில் தோப்பூர் வயல்கள் மிதந்தன. வரம்போரமாகக் கப்பல்கள் சத்தமில்லாமல் போயின. அடிக்கோட்டைப் போட மனமின்றி அவள் வயலுக்குள்ளேயே நின்றாள். இருபத்துமூன்று வயதில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்து எத்தனையோ காலம். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

கடைசியில் பெயரையும் பக்கத்தில் 'உயிரோடு' என்பதையும் எழுதினாள். பார்த்த தியெனுக்குக் கண் கலங்கியது. கடிதம் தபாலில் போயிற்று.

நாலு வாரத்தில் பதில் வந்தது. வள்ளிநாயகி பிரித்து அவன் கண்முன் பிடித்தாள். வாசிக்க வாசிக்க அவன் முகம் வெளிறியது.

"என்ன சொல்லுறா?"

"'இவ்வளவு அழகான எழுத்து அவருக்கு வராது. அவர் எழுதினால் கோழி கிளறினது போல. வலது மூலை எப்பவும் வெளியே தள்ளி நிற்கும். செத்தவர் பேரில் எனக்கு ஆறுதல் எழுதின நல்ல மனசுக்கு நன்றி. மாதக் கடைசியில் மாமாவோடு போகிறோம்.'"

எந்த எழுத்தை நினைத்து வள்ளிநாயகி மனதுக்குள் பெருமைப்பட்டாளோ, அதுவே அவனைக் கொன்றுவிட்டிருந்தது.

"பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி உனக்குச் சொன்னேன்," என்றான் தியென். "நான் எப்படி எழுதுவேன் என்று நினைத்துப் பார்க்கவில்லை."

மாதம் முடிய இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. பென்சிலைத் தன் வாயில் வைக்கச் சொன்னான். பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் குனிந்தான். முதல் தாள் கிழிந்தது. இரண்டாவதில் எச்சில் ஊறியது. மூன்றாவதில் எருமை உழக்கிய வயலாக அவன் பெயர் மெல்ல எழும்பிற்று, வலது மூலை வெளியே தள்ளியபடி.

அதை நேராக்கிவிட வள்ளிநாயகிக்குக் கை துடித்தது. ஒரு நொடி வேலை. இந்தக் கோணல் எழுத்து போய்ச் சேர்ந்தால் அவனும் ஒருநாள் மனைவியிடமே போய்விடுவான். அது தெரிந்தும், தாள் அசையாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.