ஓரத்தில் நின்ற சைக்கிள்

1958-ஆம் வருஷம் தை மாதக் கடைசியில், உடுமலைப்பேட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த கோவிந்தராஜுலுவுக்குக் கோவை நூற்பாலை ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. ஆலையின் இருபத்தைந்தாம் ஆண்டு மலருக்குப் படம் எடுக்க ஆள் வேண்டும். மாதிரிப் படங்களோடு மாசி முதல் வாரம் நேரில் வரவும். இந்த ஒரு வேலை அமைந்தால் காதுகுத்து, கல்யாணம் என்று ஊர் ஊராக அலைவதை விட்டுவிடலாம்.

ஆலைக்குள் பின்னால் நகர்ந்து நிற்க இடம் இருக்காது. கிட்ட நின்றே அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸ் இல்லாமல் காரியம் ஆகாது. அவருடைய ஜெர்மன் காமிராவோடு வந்த வைட் லென்ஸ் யுத்தத்துக்கு முந்தையது. நடுவில் முகங்கள் மெத்தென்று விழும், மூலைகள் இருண்டுபோகும். அதே மரையில் பொருந்துகிற புது ஜப்பான் லென்ஸ் ஒன்றைக் கோவைக் கடைக்காரர் பத்து நாள் பார்த்துவிட்டுச் சொல்லும்படி கொடுத்திருந்தார். அதன் கண்ணாடியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பூச்சு.

எதையும் எழுதிவைத்துச் செய்கிறவர் கோவிந்தராஜுலு. தேங்காய் மண்டியில் ஆட்களை வரிசையாக உட்காரவைத்தார். காமிராவின் சின்னச் சன்னலில் இரண்டாகத் தெரிந்த உருவம் ஒன்றாகிற வரை வளையத்தைத் திருப்பி, முதலில் பழைய லென்ஸில் ஒன்று, இம்மி நகராமல் புதியதில் ஒன்று எடுத்தார்.

“ஏனுங்க, ஒரே மூஞ்சிய எத்தன தடவைங்க புடிப்பீங்க? பொண்ணு பாக்க வாரவன்கூட ஒருக்காத்தான் பாக்கறான்” என்றாள் காய் பொறுக்கும் பழனியாத்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டாவது படம் விழுந்துவிட்டது.

கழுவிப் பார்த்து, ‘ஓரம்: பழையதில் வெறும் இருட்டு. புதியது மேல்’ என்று நோட்டில் குறித்துக்கொண்டார். ஆனாலும் பாலகோபால் ஒரு வார்த்தை சொன்னால்தான் அவருக்கு மனம் நிற்கும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர். இப்போது கோவையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஆலை வேலையைப் பற்றியும் எழுதி, பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பார்த்துச் சொல்லும்படி இரண்டு நெகட்டிவையும் அவருக்கு அனுப்பினார்.

“படம் புடிச்சது நீங்க. பாத்து எழுதி வெச்சதும் நீங்க. அப்புறம் அந்த அண்ணன் என்னத்தைங்க சொல்லோணும்?” என்று கேட்டாள் மனைவி ராமாமணி.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. ‘மாப்ளே, பழசையே வெச்சுக்கோ. புதுசு முகத்தைக் கல்லுல கொத்துன மாதிரி காட்டுது. ஓரத்தை எவன்டா பாக்கறான்? லென்ஸை எனக்கு அனுப்பு, கடையில நானே சேத்துப்போடறேன். நெகட்டிவ் பத்திரமா இருக்குது.’

கோவிந்தராஜுலு தான் எழுதிய வரியை அடித்துவிட்டு, ‘பழையதே’ என்று எழுதினார். புது லென்ஸைப் பஞ்சில் சுற்றி ரிஜிஸ்தர் தபாலில் பாலகோபாலுக்கு அனுப்பினார்.

மாசி முதல் வாரம் கோவைக்குப் போனார். ஆலை மானேஜர் வேங்கடசாமி மாதிரிப் படங்களை மேசையில் பரப்பிப் பார்த்தார். பழைய லென்ஸில் எடுத்த பள்ளி விழா, ரைஸ்மில், சந்தை. “நடுவுல நல்லாத்தானுங்க இருக்குது. ஓரமெல்லாம் பொகை படிஞ்சாப்பல இருக்குதே. எங்க ஷெட்டுல ஓரத்துல நிக்கறவனும் எங்க ஆளுதானுங்க.”

இழுப்பறையிலிருந்து பெரிய படம் ஒன்றை எடுத்து வைத்தார். இப்படி வேண்டும் என்றும், இதைக் கொடுத்தவரிடமே வேலையைச் சொல்லியாகிவிட்டது, இன்று ஆரம்பிக்கிறார் என்றும் சொன்னார்.

தேங்காய் மண்டி. இரண்டாம் வரிசையில் பாதிச் சிரிப்போடு பழனியாத்தாள். ஒரு நொடி கோவிந்தராஜுலுவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தன் படம் இத்தனை பெரிதாக, இத்தனை துலக்கமாக விழுந்து அவர் பார்த்ததில்லை. திருப்பினார். பின்னால் பாலகோபாலின் ரப்பர் முத்திரை.

மறுபடி முன்பக்கம் பார்த்தார். இடது மூலையில் சாக்கு மூட்டைகளின்மேல் அவருடைய சைக்கிள் சாய்ந்திருந்தது. பாரில் கட்டிய தகரத்தில் ‘ஸ்ரீரங்கா ஸ்டூடியோ, உடுமலை’ என்ற எழுத்து ஒன்று விடாமல் தெரிந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு பாலகோபால் வந்தார். “மாப்ளே, நீ எப்படா வந்தே?” என்ற குரல் பாதியில் தேய்ந்தது. கழுத்தில் காமிரா, அதில் மயில்கழுத்து நிறம்.

கோவிந்தராஜுலு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அந்த மூலைமேல் வைத்தார்.

“ஓரத்தைப் பாரு மாப்ளே.”

பாலகோபால் குனிந்தார். நிமிர நேரமாயிற்று. மானேஜரும் எட்டிப் பார்த்து, தகரத்தை வாய்விட்டுப் படித்தார்.

“எம்பட சைக்கிளுங்க. படமும் நான் புடிச்சதுங்க, இவரு காமிராவுல இருக்கற அதே லென்ஸுல” என்றார் கோவிந்தராஜுலு.

மானேஜர் இருவர் முகத்தையும் பார்த்தார். ஷெட்டில் ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். “சரிங்க. இந்த லென்ஸு இப்ப உங்க கையில இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

கோவிந்தராஜுலு தன் படங்களை அடுக்கிக் கட்டினார். பாலகோபால் அவர் பக்கம் திரும்பாமல், வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படித் துடைத்தால் பூச்சு போய்விடும் என்ற வார்த்தை பழக்கத்தில் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, கோவிந்தராஜுலு உடுமலை பஸ்ஸுக்கு நடந்தார்.