கினாய் இன்னும் முடிக்கவில்லை

கினாய்க்குப் பேச்சு வரும். வராது என்று சொன்னவர்கள் எல்லாரும் காத்திருந்து கேட்கப் பொறுமை இல்லாதவர்கள். பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட கோளாறு. அவள் கைகால் சொன்னபடி கேட்காது, நாக்கும் அப்படித்தான். ஒரு வார்த்தையைத் தொண்டையிலிருந்து இழுத்து உதட்டுக்குக் கொண்டுவருவதற்குள் எதிரில் இருப்பவர் அவளுக்கும் சேர்த்துப் பேசி முடித்துவிடுவார்.

இதில் முதல் ஆள் அவள் மாமா பரானிகோதான். "மீன்" என்று அவள் தொடங்கினாலே தட்டில் ஒரு துண்டைப் போட்டுவிடுவார். அவள் கேட்க வந்தது இன்றைக்கு மீனுக்கு யார் போனார்கள் என்று. தங்கமான மனுஷர், அவளைத் தோளில் தூக்கியே வளர்த்தவர். அந்தத் தங்கமான குணத்தைப் பார்த்தால்தான் கினாய்க்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் அவள் ஆரம்பப் பள்ளியை முடித்துவிட்டாள். ஜனவரியில் அவள் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் தீவின் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். கினாய்க்கு மட்டும் இடமில்லை என்றுவிட்டார் அதன் தலைமையாசிரியர் யோதேபா. வாய்விட்டுப் பதில் சொல்ல முடியாத பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது, தலைநகர் தாராவாவில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே பள்ளி இருக்கிறதே, கப்பல் ஏற்றி அனுப்புங்கள் என்றார். போக மாட்டேன் என்று கினாய் சொல்லத் தொடங்கினாள். முடிப்பதற்குள் அவருடைய மோட்டார் சைக்கிள் தெருமுனை தாண்டிவிட்டது.

விஷயம் எப்படியோ தாராவாவுக்கு எட்டி, அமைச்சகத்திலிருந்து அந்தெரேயா என்ற பெண் வந்து இறங்கினாள். ஊர் தன் பொது மன்றமான மனெயாபாவில் கூடியது. அந்தப் பெரிய கூரையின் கீழே ஒவ்வொரு குடும்பத்துக்கும் பரம்பரையாக ஓர் இடம் உண்டு. பேசுகிறவர் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே பேசுவார். பேச்சைத் தொடங்கிவிட்டால், "நலம், அமைதி, செழிப்பு" என்று வாழ்த்தி முடிக்கிறவரை வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் ஏதாவது கேட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். மீறினால் ஒரு மூட்டை அரிசி அபராதம்; அதை விதிக்க ஊரில் மூத்தவர் மட்டும் வாய் திறக்கலாம். பேசுகிறவர் முடிக்காமல் யாரும் சாப்பாட்டுப் பக்கமும் போக முடியாது.

அந்தெரேயா அழகாகப் பேசினாள். உலக நாடுகள் சேர்ந்து எழுதிய உடன்படிக்கையில் நம் நாடும் கையெழுத்துப் போட்டிருக்கிறது, உடல் குறையுள்ள பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்க உரிமை உண்டு, தன்னைப் பற்றிய முடிவில் அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்டாக வேண்டும் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளே கிடையாது. கினாய் என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டு, அந்தெரேயா வாழ்த்துச் சொல்லி முடித்தாள்.

கேட்டதுதான் தாமதம், பரானிகோ நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளைக்குக் கூச்சம், பெரியவர்கள் சொன்னால் தாராவாவுக்குச் சந்தோஷமாகப் போவாள் என்று சொல்லி வாழ்த்தி முடித்தார். உரிமையைப் பற்றிக் கேட்ட கையோடு ஊர் செய்த வேலை அது. பெண்கள் பாத்திரங்களின் மூடியை எடுக்கத் தொடங்கினார்கள். கினாய் வாயைத் திறந்தாள்.

"நா... ன்..." என்றாள்.

கூட்டம் திரும்பியது. சின்னப் பிள்ளைகள் இங்கே பேசுவது வழக்கமில்லையே என்றார் யோதேபா.

ஊரிலேயே மூத்தவரான தெபாவோ அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "அவ குடும்பத்து இடத்துல அவ உக்காந்திருக்கா. பேச்சு ஆரம்பிச்சாச்சு. நீங்க குறுக்க பேசிட்டீங்க வாத்தியாரே, ஒரு மூட்டை அரிசி" என்றார்.

"தா... ரா... வாவுக்கு..." என்றாள் கினாய்.

"போறேங்கிறா" என்றார் பரானிகோ, வாய் பழக்கத்தில்.

"உனக்கும் ஒரு மூட்டை" என்றார் தெபாவோ.

"போ... க... மாட்டேன்."

கொல்லென்று சிரித்தது கூட்டம். பரானிகோ சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தான் முடித்துவைத்த பேச்செல்லாம் இப்படித்தானோ என்று அவர் முகம் கறுத்துப்போயிற்று.

அதன் பிறகு கினாய் பேசினாள். நடுவில் ஒரு மழை வந்து பெய்து ஓய்ந்தது. ஈரப்பலாவும் மீனும் ஆறிப்போயின. கழுத்து முறுக்கி, எச்சில் வழிந்து, ஒவ்வொரு வார்த்தையாக அவள் எடுத்து வைத்தாள். துடைக்க வந்த அம்மாவின் கையைத் தள்ளிவிட்டாள். இதே பேச்சை வேறு யாராவது பேசியிருந்தால் வெற்றிலை போடுகிற நேரம் கூட ஆகியிருக்காது.

"கணக்குல எங்க வகுப்புல நான்தான் முதல். என் பதில் லேட்டாத்தான் வரும். ஆனா வரும். நிக்காம போறது நீங்க. அதுக்கு நான் ஏன் கப்பல் ஏறணும்? ஜனவரில என்னைச் சேர்த்துக்குவீங்களா?"

யோதேபா தொண்டையைச் செருமினார். "யோசிக்கலாம்" என்றார்.

கினாய் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். வாழ்த்துச் சொல்லவில்லை. எடுத்த மூடியைப் பெண்கள் திரும்பப் பாத்திரத்தின் மேல் வைத்தார்கள்.

மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்று அவர் இழுத்தார். மேலிடம் எதிரிலேயே உட்கார்ந்து, பேச வழியில்லாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊரும் அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையில் நல்ல பசி இருந்தது. கினாய் அசையவில்லை. விடியும்வரை உட்கார அவள் தயார்.

"சரி, வா" என்றார் யோதேபா கடைசியில். "மத்த பிள்ளைங்களோட வா."

"எ... ன் ப... தில்?"

"நீ முடிக்கிற வரைக்கும் நிக்கிறேன்."

கினாய் மூச்சை இழுத்துக்கொண்டாள். நலம் வந்தது. அமைதி வந்தது. செழிப்பு மட்டும் தொண்டையிலேயே நின்றது. அந்தக் கூரையின் கீழே இருந்த அத்தனை பேருக்கும் மனப்பாடமான வார்த்தை. ஒருவர் உதடும் அசையவில்லை. பரானிகோ தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தையை அவள் வேண்டுமென்றேதான் அவ்வளவு மெதுவாகச் சொன்னாள் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார் அவர்.