காலிதின் கைகளும் ஒரு பனிப்பலகையும்

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் நாற்பது கஜச் சந்து ஒன்றில், மே மாதம் பனி கொட்டத் தொடங்கி ஒன்பதாவது நாள், ஆபிதாவுக்கு டயாலிசிஸ் தவறிப்போனது. செவ்வாயும் வெள்ளியும் சயான் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டிய உடம்பு அது. பனி அந்தச் சந்துக்கு மட்டும்தான். பக்கத்துச் சந்தில் ஜனங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்க, இங்கே காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, குழாயில் தண்ணீர் வருகிற அதே நேரத்துக்கு, சந்து பரஃப் என்று சொல்கிற அந்தப் பனி இறங்கியது. முதல் நாள் பிள்ளைகள் ஆடினார்கள். இரண்டாம் நாள் தோசைமாவு புளிக்கவில்லை என்று பெண்கள் ஏசினார்கள். எட்டாம் நாள் ஓர் அதிகாரி வந்து குச்சியை விட்டுப் பார்த்து, முழங்காலுக்கு மேல் ஒரு சாண் என்று குறித்துக்கொண்டு போனார். ஐந்தடிச் சந்தில் அள்ளிக் கொட்ட ஏது இடம்? செவ்வாயன்று நாலு பேர் ஆபிதாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். பத்தடி போவதற்குள் முன்னால் பிடித்தவர் வழுக்கி விழ, நாற்காலியோடு அவள் பனிக்குள் போனாள். இனி என்னை யாரும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

பழி முழுவதும் அவள் புருஷன் காலிதின் மேல் விழுந்தது. பதிமூணாம் காம்பவுண்டில் பழைய சாமான் வாங்கிப் பிரிக்கிறவன் அவன். மூடிப்போன ஒரு பனி விளையாட்டு அரங்கின் சாமான்களை, பனி தொடங்கிய அதே வாரம்தான் லாரியில் இறக்கியிருந்தான். அதில் ஆளுயரச் சறுக்குக் கட்டைகள் பதினோரு ஜோடி. பரஃபும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று சந்து தீர்மானித்தது. காலித் மறுக்கவில்லை. போனில் வீடியோக்களைப் பார்த்தான். பிறகு ஒரு ஜோடிக் கட்டையைப் பாதியாக அறுத்தான். வேறு மூட்டையில் கிடந்த ஒரு ஸ்கேட்போர்டின் சக்கரங்களைக் கழற்றி, அந்த அச்சுகளின் இரண்டு முனையிலும் கட்டைகளைப் பட்டை இரும்பு வைத்து முடுக்கினான். மேலே, கால் அறுத்த பிளாஸ்டிக் நாற்காலி. தள்ளிப் பார்த்தால் வெண்ணெயில் போவது மாதிரிப் போனது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவன் பூட்டி முடித்த முதல் பொருள் அதுதான் என்பதால், ஆபிதாவுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அங்கேதான் வினை. இரண்டு சரக்கால் ஆன எதையும் ஒன்றாக இருக்க விடுவதில்லை காலிதின் கைகள். அவன் சொல்லி அவை கேட்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது. பிரியாணித் தட்டில் கை வைத்தால் சோறு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம், ஏலக்காய் தனியாக நிற்கும். புதுக் குடை அவனிடம் ஒரு மழைக்குத் தாங்காது. அன்றும் டீயைக் குடித்துவிட்டு, வண்டி எப்படித் திரும்பும் என்று அவன் விளக்கிக்கொண்டிருக்க, கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. பேச்சு முடியும்போது தரையில் நாலு குவியல்: பிளாஸ்டிக், மரம், அலுமினியம், இரும்பு.

"ஒங்க கையக் கொஞ்சம் பாருங்க!" என்று கத்தினாள் ஆபிதா.

காலித் குனிந்து பார்த்தான். "நான் ஒண்ணும் செய்யலயே புள்ள. அது தானா போவுது."

மறுபடி பூட்டினான். கையுறை மாட்டிக்கொண்டுதான் பூட்டினான். கைகள் முதலில் கையுறையைத் துணி வேறு, ரப்பர் வேறாக உரித்தன. பிறகு வண்டிக்கு வந்தன. மூன்றாம் முறை பூட்டி, எதிர்வீட்டுத் தௌஃபீக்கிடம் பத்திரமாக வைக்கச் சொன்னான். தௌஃபீக்கும் அதே காம்பவுண்டில் சாமான் பிரிக்கிறவன் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாலு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "லாத்தா, எல்லாம் கலந்து கெடந்துச்சு. நம்ம ஆளுதானேன்னு தரம் பிரிச்சிட்டேன்," என்றான் ஆபிதாவிடம், அக்காவுக்கு நல்லது செய்த தம்பியின் முகத்தோடு.

ஆபிதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. முகம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. இன்னொரு முறை தவறினால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தது சந்துக்கே தெரியும். "ரெண்டு பேரும் வாசலுக்கு வெளிய நில்லுங்க. உள்ள வந்தீங்க, பாத்துக்கிடுங்க!" என்றாள். சாக்குகளைக் கவிழ்த்தாள். தோல்பை தைத்த கை அவளுடையது. எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். மூச்சு வாங்கி வாங்கி, ஒரு திருகுக்கும் அடுத்த திருகுக்கும் நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்து, ஒன்பது மணிக்குப் பனி நிற்கும்போது கடைசித் திருகை முடுக்கினாள். பக்கத்து வீட்டுப் பெண்களை வாசலில் இறக்கச் சொல்லி ஏறி உட்கார்ந்தாள். காலித் கயிற்றைக் கட்டக் குனிந்தான். அவன் விரல்கள் கயிற்றை விட்டுவிட்டுத் திருகுப் பக்கம் நகர்வதைப் பார்த்தாள். இரண்டு கையையும் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கயிறு வேண்டாம். என்னப் பாத்துக்கிட்டே, இழுத்துக்கிட்டே பின்பக்கமா நடங்க. கைய விட்டீங்க, இன்னிக்கே எனக்கு மௌத்துதான்."

அப்படியே நடந்தான். நாற்பது கஜமும் பின்பக்கமாக, முழங்காலுக்கு மேல் ஏறிய பனியை உடைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி. கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை என்று ஆபிதா நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள். ரோட்டில் டாக்ஸி நின்றது. கதவைத் திறக்கக் கையை விட்டான். அவள் ஏறி உட்கார்ந்து திரும்புவதற்குள் நடைபாதையில் நாலு குவியல் இருந்தது.

இது நடந்து நாலு வருஷமாகிறது. பரஃப் இன்னும் காலை ஆறுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு நிற்கிறது, அந்த ஒரு சாணுக்கு மேல் ஏறாமல். தண்ணீர் தாமதமானால் அதுவும் தாமதமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் ஆபிதா போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை வண்டியைப் பூட்டுகிறாள், திட்டிக்கொண்டே. இப்போது இருபது நிமிஷத்தில் முடிகிறது. ஆஸ்பத்திரியில் முதல் நாள் வெளியே உட்காரவைத்ததில் காலித் ஒரு பெஞ்சைப் பிரித்துவிட்டதால், அவனைக் கட்டில் பக்கத்திலேயே இருக்க விடுகிறார்கள். ஆபிதாவின் ஒரு கை மெஷினோடு கோத்திருக்கிறது. மெஷினில் பிளாஸ்டிக் உண்டு, இரும்பு உண்டு, ரப்பர் உண்டு, கண்ணாடி உண்டு. நாலு மணி நேரமும் அவள் தூங்குவதில்லை. இன்னொரு கையால் அவன் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறாள்.