மெர்ல் கீழே இறங்கிய நாள்

மெர்லுடைய சவப்பெட்டிக்கு முன்னால் நின்று பாதிரியார் கடைசி ஜெபத்தை ஆரம்பிக்க வாயெடுத்தபோது ஊரின் அபாயச் சங்கு ஊதியது. மே மாதத்துக் கன்சாஸில் அதற்குக் காரணம் கேட்பவர் யாருமில்லை. சுழல்காற்று பக்கத்தில் எங்கோ இறங்கிவிட்டது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தேவாலயத்தின் அடித்தளத்துக்கு ஓடினார்கள். சாவுச் சாப்பாட்டுக்காக ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்குப் பாத்திரங்களும் கூடவே போயின. ஆண்கள் வழக்கம்போல வானத்தைப் பார்க்க வாசலுக்குப் போனார்கள்.

ஜனெல் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். ஆர்டித் முன்வரிசையை விட்டு அசையவில்லை.

"நீ போ. நான் உங்கப்பாகூட இருக்கேன்."

ஜனெலுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாவும் இப்படித்தான். சங்கு ஊதினால் அம்மா பிள்ளைகளோடு கொல்லைப்புறப் பதுங்குகுழிக்குள் இறங்குவாள். அப்பா மட்டும் காப்பிக் கோப்பையோடு தாழ்வாரத்தில் நின்று மேகம் பார்ப்பார். எல்லாம் அடங்கியதும், வானம் எப்படிப் பச்சையானது, சுழல்காற்றின் வால் எந்தப் பண்ணைப் பக்கம் இறங்கியது என்று விவரிப்பார். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். அந்தக் கதைக்காகவே இடி இடிக்காதா என்று ஜனெல் ஏங்கியிருக்கிறாள். குழிக்குள் ஈரமண் வாசனையும் ஊறுகாய் ஜாடிகளும் நன்றாகத்தான் இருக்கும். அம்மாவின் விரல்கள் மட்டும் தோளில் வலிக்க வலிக்க அழுத்தும். ஏன் என்று அப்போது அவள் கேட்டதில்லை.

வாசலிலிருந்து அப்பாவின் தம்பி வெர்னன் ஓடிவந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அண்ணி, இந்தப் பக்கமாத்தான் வருது. கெளம்புங்க."

"கல்யாணமான நாள்லேருந்து அந்தக் குழியில உக்காந்து, மேல மனுஷன் இருக்காரா இல்லையான்னு தெரியாம செத்துப் பொழச்சிருக்கேன்" என்றாள் ஆர்டித். "இன்னைக்கும் அவர மேல விட்டுட்டு எறங்கணுமா?"

கூரையில் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. ஜனெல் அம்மாவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"சித்தப்பா, பெட்டியத் தூக்குங்க."

"படியிலயா?"

"கீழ இருக்குற சாப்பாட்டு மேஜையெல்லாம் அப்படித்தானே போச்சு. தூக்குங்க."

ஆறு பேர் தூக்கினார்கள். திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது. "உயிரோட இருந்தப்பவும் வரமாட்டான், இப்பவும் அடம் பிடிக்கிறான் பாரு" என்று வெர்னன் முனகினார். யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். ஆர்டித்தும் சிரித்தாள்.

இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் பெட்டியை வைத்ததும் விளக்கு அணைந்தது. சரக்கு ரயில் போல ஒரு இரைச்சல் தலைக்கு மேலே வெகுநேரம் போனது. பிள்ளைகள் அழுதார்கள். ஜனெல் இருட்டில் அம்மாவின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அது நடுங்கவில்லை.

கைவிளக்குகள் எரிந்தன. ஆர்டித் காலணிகளைக் கழற்றிவிட்டு, ஒரு கையைப் பெட்டிமேல் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புயல் நேரத்தில் அந்த முகம் இவ்வளவு அமைதியாக இருந்து ஜனெல் பார்த்ததே இல்லை.

காற்று வடக்கே கோதுமை வயல்களுக்குப் போய்விட்டதென்றும் இனி வெளியே வரலாமென்றும் வானொலி சொன்னது. ஆறு பேரும் எழுந்து வந்து கைப்பிடிகளைப் பற்றினார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்ப்பா" என்றாள் ஆர்டித்.

அவர்கள் கைகளை எடுத்துவிட்டு மறுபடி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.